முடியாத டியூட்டி

கொரோனா வார்டுகள் காலியாகி ஆண்டுகள் ஓடிவிட்டன. அங்கே வேலை பார்த்தவர்களின் மனதில் மிச்சம் இருப்பது என்ன? அதை யார் சரிசெய்வது?

2021, மே மாதம். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன. சைரனை அணைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு நோயாளி, ஒரு சிலிண்டர், கூட வந்த மகனோ மனைவியோ. உள்ளே ஒரு படுக்கை காலியானால்தான் வரிசை நகரும். அந்த நேரத்தில் படுக்கைகள் எப்படிக் காலியாகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கவச உடை போட்ட இளம் டாக்டர்கள் வண்டி வண்டியாக ஏறி இறங்குகிறார்கள். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிவிட்டு, எண் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பார்க்கிறார்கள். சிலிண்டர் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று டிரைவரைக் கேட்கிறார்கள். சிலருக்கு வண்டியிலேயே சிகிச்சை தொடங்குகிறது. அந்த மாதம் 21-ம் தேதி, ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. தமிழகத்தின் உச்சம் அதுதான்.

மூன்றாவது வண்டியில் இருப்பவரை முதலில் உள்ளே எடுப்பதா, ஏழாவது வண்டியில் இருப்பவரையா? இந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொன்னவர்களில் பலர் முப்பது வயதைத் தாண்டாத பி.ஜி. (முதுநிலை) மாணவர்கள். ஹவுஸ் சர்ஜன்கள் இன்னும் சின்னவர்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளர்களின் மனநலம் பற்றிப் பேசினால், பேச்சு உடனே 'மன அழுத்தம்', 'யோகா', 'கவுன்சலிங்' என்று போய்விடுகிறது. அவை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த நாட்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இவர்களைக் கிருமி காயப்படுத்தியது கொஞ்சம். பணிப் பட்டியல், ஒப்பந்தக் கடிதம், தள்ளிப்போன தேர்வு, வாடகை வீட்டு உரிமையாளரின் முகம் ஆகியவை காயப்படுத்தியது அதிகம். காயம் பட்டது மனதில் என்றாலும், மருந்தில் பாதி நிர்வாகத்தின் கோப்புகளில் இருக்கிறது.

கத்திச் சொல்லவேண்டிய சாவு

தொடக்கத்தில் பயம் இருந்தது உண்மை. வூஹானில் நோய் பரவிய வேகத்திலேயே, சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 டாக்டர்கள், நர்ஸ்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். மூன்றில் ஒருவருக்குத் தூக்கமில்லை. தனக்கு வந்துவிடுமோ, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம். தடுப்பூசி வந்ததும் அது பெருமளவு வடிந்துவிட்டது.

வடியாமல் நிற்பது வேறு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே, அவர்களிடம் ஒன்றைக் கவனித்தார். உயிர் போய்விடுமோ என்று பயந்ததைவிட, தவறு என்று மனம் சொன்ன ஒன்றைச் செய்ய நேர்ந்ததும், மேலே இருந்தவர்கள் தங்களைக் கைவிட்டதும்தான் அவர்களை ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டிருந்தன. கொரோனா வார்டில் வேலை பார்த்தவர்களுக்கும் இந்த விவரிப்பு அப்படியே பொருந்துகிறது. ஆக்ஸிஜன் இருந்தால் பிழைத்திருப்பார் என்று தெரிந்த நோயாளி, ஆக்ஸிஜன் படுக்கை இல்லாமல் போகிறார். அதில் டாக்டரின் தவறு எதுவும் இல்லை. ஆனால் டெத் சம்மரியில் கையெழுத்துப் போடுவது அவர்தான்.

அந்த வார்டுகளின் நடைமுறை ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். உறவினர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நோயாளி இறந்தால், கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் நம்பருக்கு டியூட்டி டாக்டரோ நர்ஸோதான் போன் செய்யவேண்டும். முகத்தில் என்-95. அதன்மேல் இன்னொரு மாஸ்க். அதற்கும்மேல் ஷீல்டு. மெதுவாகப் பேசினால் எதிர்முனைக்குக் கேட்காது. எனவே, ஒரு பெண்ணிடம் அவள் கணவன் இறந்த செய்தியைக் கத்திச் சொல்லவேண்டும். 'என்ன சார், கேக்கல' என்று அவள் கேட்டால், இன்னொரு தடவை இன்னும் சத்தமாக. முந்தின நாள் சாயந்திரம் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த போனில், அவர்கள் இருவரும் பேச வீடியோ காலைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ் பக்கத்துப் படுக்கையில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார். அவர் காதிலும் அது விழும்.

ஆறு மணி நேரம் கவச உடைக்குள். தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. டயாபர் கட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனவர்கள் உண்டு. மாதவிடாய் நாட்களில் நர்ஸ்கள் பட்டது தனிக்கதை. எந்த விசாரணைக் குழுவும் அதைக் கேட்டுப் பதிவு செய்ததாகத் தெரியவில்லை.

[பெட்டிச் செய்தி]
எண்களில்
2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் கொரோனாவால் இறந்த மருத்துவப் பணியாளர்கள் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.
இந்தியாவில் பணியின்போது கொரோனாவால் இறந்தால் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்தது.
2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்த ஊக்கத்தொகை: டாக்டர்களுக்கு 30,000 ரூபாய், நர்ஸ்களுக்கு 20,000 ரூபாய், இதர பணியாளர்களுக்கு 15,000 ரூபாய்.

மண்வெட்டி ஒன்று

2020 மார்ச் 22 அன்று மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டியது, தட்டுகளைத் தட்டியது. அடுத்த இரண்டு நாட்களிலேயே டெல்லி எய்ம்ஸ் ரெசிடென்ட் டாக்டர்கள் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று: வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்கிறார்கள். மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மேல் பூ தூவின. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே சென்னையில் நடந்ததை மருத்துவ உலகம் மறக்காது.

ஏப்ரல் 19 இரவு. நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்திருந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. உடலை வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையுமாக ஒரு கும்பல். ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, ஊழியர்களுக்கு ரத்தக் காயம். மனைவியும் மகனும் அடக்கத்தைப் பார்க்காமலே அங்கிருந்து போகவேண்டியிருந்தது. பிறகு அவருடைய நண்பரான எலும்பு மருத்துவர் பிரதீப் குமார் கவச உடை மாட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸைத் தானே ஓட்டி, இரண்டு வார்டு பணியாளர்களோடு போலீஸ் பாதுகாப்பில் திரும்பி வந்தார். இருந்தது ஒரு மண்வெட்டி. மீதி மண்ணைக் கையால் தள்ளி மூடினார்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் அம்பத்தூரில், ஆந்திராவைச் சேர்ந்த ஒரு மருத்துவரின் உடலை எரிக்க எதிர்ப்பு எழுந்திருந்தது. இரண்டுக்கும் பிறகு சட்டங்கள் வேகமாக வந்தன. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஏழாண்டு வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நல்லதுதான். ஆனால் கணவரின் உடலை அவர் விரும்பிய கல்லறைத் தோட்டத்தில் மறுபடி அடக்கம் செய்ய, அந்த மனைவி நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

அந்த இரவு நடந்ததன் வீடியோ மாநிலம் முழுக்க டியூட்டியில் இருந்த டாக்டர்களின் போனில் வந்தது. 'நாளைக்கு நான் செத்தால்?' என்ற கேள்வியோடுதான் அடுத்த நாள் அவர்கள் கையுறையை மாட்டினார்கள். இதற்கு எந்தக் கவுன்சலர் என்ன பதில் சொல்ல முடியும்?

ஒரு பேட்ச் வரவே இல்லை

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இரவுகளை ஓட்டுவது பி.ஜி.க்கள். மூன்று வருடப் படிப்பு, எனவே எப்போதும் மூன்று பேட்ச் இருக்கும். இறுதி ஆண்டு வெளியே போகும்போது முதலாண்டு உள்ளே வரும். 2021-ல் அந்தச் சங்கிலி அறுந்தது. ஏப்ரல் 18 அன்று நடக்கவேண்டிய முதுநிலை நீட் தேர்வு தள்ளிப்போனது. மே மாதம், இன்னும் குறைந்தது நான்கு மாதத்துக்குத் தேர்வு கிடையாது என்றார்கள். அந்த மருத்துவர்களைக் கொரோனா பணிக்குப் பயன்படுத்தலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். தேர்வு செப்டம்பர் 11 அன்று நடந்தது. பிறகு இடஒதுக்கீட்டு வழக்கில் கவுன்சலிங் சிக்கியது. உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் கவுன்சலிங் தொடங்கியபோது 2022 ஜனவரி ஆகிவிட்டது.

அதுவரை புது முதலாண்டு மாணவர்கள் வரவே இல்லை. மூன்று பேர் பார்க்கும் டியூட்டியை இரண்டு பேர் பார்த்தார்கள். இறுதி ஆண்டு மாணவர்களை அனுப்பாமல் பணிக்காலத்தை நீட்டித்தார்கள். 2021 டிசம்பரில் டெல்லி ரெசிடென்ட் டாக்டர்கள் தெருவில் இறங்கியதும், போலீஸ் அவர்களை இழுத்துப்போனதும் இதற்காகத்தான்: எங்களுக்கு ஜூனியர்களை அனுப்புங்கள்.

இதையும் மனநலப் பிரச்னை என்றுதான் சொல்லவேண்டும். 36 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவனுக்கு எரிச்சல், அழுகை, மரத்துப்போதல் எல்லாம் வரும். அவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதைவிட, வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்வது முதல் சிகிச்சை. தூங்கப் போனால் வார்டை யார் பார்ப்பது என்பதற்கான விடை மனநலத் துறையிடம் இல்லை. தேர்வு நடத்தும் வாரியத்திடம் இருந்தது.

சம்பளமும் இதே கணக்கில்தான் வரும். டாக்டர்களின் சம்பளத்தைக் காலத்தில் கொடுங்கள் என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. தனிமைப்படுத்திக்கொண்ட நாட்களை விடுப்பாகக் கழிக்காதீர்கள் என்பதும் அந்த வழக்கில் வந்ததுதான்.

டிசம்பர் 27, டிசம்பர் 31

நர்ஸ்களின் கதையைச் சொல்ல இரண்டு தேதிகள் போதும்.

2020-ல் தொற்று ஏறியபோது, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பட்டியலிலிருந்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களைத் தமிழக அரசு அவசரமாக எடுத்தது. ஆறு மாத ஒப்பந்தம், மாதம் 14,000 ரூபாய் தொகுப்பூதியம். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது, மறுபடி நீட்டிக்கப்பட்டது. சொந்த ஊரைவிட்டு வேறு மாவட்டத்தில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு அலைகளையும் பார்த்தார்கள்.

2022 டிசம்பரில் சீனாவில் மறுபடி தொற்று பெருகியது. டிசம்பர் 27 அன்று நாடு முழுக்க மருத்துவமனைகளில் ஒத்திகை. படுக்கை, ஆக்ஸிஜன், வென்டிலேட்டர், ஆள் எல்லாம் தயாரா என்று அமைச்சர்களும் அதிகாரிகளும் கேமரா முன்னிலையில் சரிபார்த்தார்கள். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 31 அன்று, தமிழகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொரோனா கால நர்ஸ்களின் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிப்பு இல்லை. புத்தாண்டு அன்று அவர்கள் போராட்டப் பந்தலில் இருந்தார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' போன்ற திட்டங்களில், மறுபடி ஒப்பந்தமாக, வேலை தருகிறோம் என்றது அரசு.

நியமன விதிகள், நீதிமன்ற வழக்குகள் என்று அரசுத் தரப்புக்கும் வாதங்கள் இருந்தன. அவற்றில் சில நியாயமானவையும்கூட. ஆனால் ஒருவருடைய மனதில் 'என்னைப் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போட்டார்கள்' என்ற எண்ணம் படிந்த பிறகு, விதி எண்ணைக் காட்டி அதை அழிக்க முடியாது. அடுத்த பெருந்தொற்றில் இப்படி ஓர் அழைப்பு வந்தால், அந்த நர்ஸ் வருவாரா, இல்லை வெளிநாட்டு வேலைக்கு மொழித்தேர்வு எழுதிக்கொண்டிருப்பாரா?

பூ விழாத இடம்

ஹெலிகாப்டர் தூவிய பூவைப் பெருக்கியவர்களும் முன்களப் பணியாளர்கள்தாம். வார்டுக் கழிவறையைக் கழுவியவர், மஞ்சள் பையில் கட்டிய கழிவைத் தூக்கியவர், உடலைப் பையில் சுற்றிப் பிணவறைக்குத் தள்ளிக்கொண்டுபோனவர், மயானத்தில் எரியூட்டியவர். பெரும்பாலும் ஒப்பந்ததாரரிடம் கூலிக்கு இருந்தவர்கள். 'மருத்துவப் பணியாளர்' என்று தொடங்கும் ஆய்வுக் கேள்வித்தாள்கள் பல இவர்கள் கைக்கே வரவில்லை. இணையத்தில், ஆங்கிலத்தில் இருந்தன. அதனால் இவர்களுடைய தூக்கமின்மை எந்த விழுக்காட்டிலும் சேரவில்லை. இவர்களில் பலர் வார்டு வேலையை முடித்து, ஒரே அறை வீட்டுக்குத்தான் போனார்கள். அங்கே யாரிடமிருந்து யார் விலகி இருப்பது?

டாக்டர் எந்த டாக்டரிடம் போவார்?

2020 ஏப்ரல் 26 அன்று, நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை வகித்த லோர்னா பிரீன் தற்கொலை செய்துகொண்டார். கொரோனா வந்து குணமாகி மறுபடி வேலைக்குப் போனவர். சிகிச்சை எடுத்தது வெளியே தெரிந்தால் மருத்துவ உரிமம் பறிபோகுமோ என்ற பயம் அவருக்கு இருந்ததாகக் குடும்பத்தினர் வெளிப்படையாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் பல மாகாணங்களில் உரிம விண்ணப்பத்திலேயே மனநலச் சிகிச்சை பற்றிக் கேள்வி இருந்தது. குடும்பத்தின் முயற்சியால், 2022 மார்ச்சில் அவர் பெயரிலேயே மருத்துவப் பணியாளர் மனநலத்துக்கான சட்டம் வந்தது. பல மாகாணங்கள் அந்தக் கேள்வியை மாற்றின.

நம் ஊரில் விண்ணப்பப் படிவம் வரை போகவேண்டியதில்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் பி.ஜி., அதே வளாகத்தின் மனநலத் துறை ஓ.பி.யில் உட்கார்ந்தால், மதியத்துக்குள் விஷயம் அவருடைய சீஃப் காதுக்குப் போய்விடும். 'இவ்வளவு வீக்காக இருந்தால் எப்படி' என்பதை அறிவுரை என்று நினைத்துச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்துக்குப் போய் டாக்டரைப் பார்ப்பவர்கள், வேறு பெயரில் சீட்டு போடுபவர்கள், யாரையும் பார்க்காமல் தானே மாத்திரை எழுதிக்கொள்பவர்கள் எல்லா மருத்துவமனையிலும் உண்டு. கடைசி வழி ஆபத்தானது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து.

தமிழக அரசு 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளுக்காக 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றத் திட்டத்தைத் தொடங்கியது. சரியான தொடக்கம். அங்கே போகும் மாணவரின் பெயர் துறைத் தலைவரின் மேசைக்கு வராது என்ற நம்பிக்கை இருக்கும் கல்லூரியில் அது வேலை செய்யும்.

[பெட்டிச் செய்தி]
பேச ஒரு குரல் வேண்டுமா?
டெலி மனஸ் (24 மணி நேரம், தமிழிலும் பேசலாம்): 14416
தமிழக அரசின் மருத்துவ உதவி எண்: 104
சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050
பெயர் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. டாக்டர்களும் நர்ஸ்களும் கூப்பிடலாம்.

டீ போட்டுக் கொடுத்த பைலட்டுகள்

கனடாவின் டொராண்டோ நகரம் 2003-ல் சார்ஸ் நோயைச் சந்தித்தது. அது ஓய்ந்து ஓராண்டு முதல் இரண்டாண்டு வரையான காலத்தில் அங்கே மருத்துவமனைப் பணியாளர்களை ஆராய்ந்தார்கள். சார்ஸ் நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு, பார்க்காத ஊர்களின் பணியாளர்களைவிட மனஉளைச்சலும் பணிச்சோர்வும் அப்போதும் கூடுதலாக இருந்தன. நோயாளிகளை நேரில் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்கள், வேலை நேரத்தையே குறைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது. போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் நிர்வாகம் தந்தது என்று உணர்ந்தவர்களிடம் இந்தப் பாதிப்பு குறைவு. சில மாதங்களே நீடித்த ஒரு நோய்க்கே இப்படி என்றால், இரண்டு வருடம் ஓடிய கொரோனாவுக்கு?

பிரிட்டனில் ஒரு காரியம் செய்தார்கள். விமானங்கள் பறக்காமல் நின்றிருந்த நேரம். வேலையின்றி இருந்த பைலட்டுகளும் விமானப் பணிப்பெண்களும் சீருடையோடு மருத்துவமனைகளுக்கு வந்து ஓய்வறை நடத்தினார்கள். வார்டிலிருந்து வெளியே வரும் நர்ஸை உட்காரவைத்து டீ கொடுப்பது, பேசினால் கேட்பது. சிகிச்சை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. உடன் வேலை பார்க்காத, மேலதிகாரியும் இல்லாத ஒருவர் பரிமாறும் பத்து நிமிடம், அவ்வளவுதான். பல மருத்துவமனைகளில் தனியாக உட்கார்ந்து அழுவதற்கென்றே ஓர் அறையும் ஒதுக்கினார்கள். நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நைட் டியூட்டி நர்ஸுக்கு உடை மாற்ற ஓர் ஒழுங்கான அறை கிடைத்தாலே பெரிய விஷயம்.

48-ம் 74-ம்

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி 2024-ல் அறிக்கை தந்தது. இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலப் பிரச்னை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. கொரோனா வார்டுகள் மூடிய பிறகு வந்த எண்கள் இவை. பெருந்தொற்று புதிதாக ஒரு நோயைக் கொண்டுவந்ததா, பழைய நோயைக் கிளறிவிட்டதா என்று தனியே பிரித்துச் சொல்வது கடினம். எனக்குப் பின்னதுதான் சரியென்று படுகிறது.

அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று: ரெசிடென்ட் டாக்டர்கள் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வாரம் ஒருநாள் விடுமுறை வேண்டும். படித்தவுடன் நல்ல யோசனை என்றுதான் தோன்றும். ஆனால் 1992-லேயே மத்திய அரசு வகுத்த ரெசிடென்சி விதி இருக்கிறது. ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் வரம்பு. 32 ஆண்டுகள் கழித்து, ஒரு பெருந்தொற்றையும் தாண்டி வந்த பிறகு, சீர்திருத்தம் என்ற பெயரில் 26 மணி நேரம் ஏறியிருக்கிறது. அதையும் இளம் டாக்டர்கள் பலர் சலுகையாகத்தான் பார்க்கிறார்கள். அறுவை சிகிச்சைத் துறைகளில் நூறு மணி நேரத்தைத் தாண்டுகிறவர்களுக்கு 74 என்பது கனவு.

இதற்கு ஆய்வும் வேண்டாம், குழுவும் வேண்டாம். ஒவ்வொரு துறையின் சுவரிலும் டியூட்டி சார்ட் ஒட்டியிருக்கிறது. கூட்டல் தெரிந்த ஓர் எழுத்தரை அனுப்பினால், யாருக்கு எத்தனை மணி நேரம் என்று டீன் மேசைக்குச் சாயந்திரத்துக்குள் வந்துவிடும்.